இதரக் கட்டணம்

எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் பழக்கமே கிடையாது, மேடம். கட்டினால் மணிக்கட்டு அரிக்கும். இத்தனை கடிகாரங்களை விற்றுக் கொடுத்தவன் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறானே என்று, நான் உள்ளே வந்ததிலிருந்து இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். அதனால் சொன்னேன். வேறொன்றும் இல்லை.

உங்கள் வரி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். முகவரியில் இருந்தது என் மச்சினன் பெயர். என் மனைவியின் தம்பி. ஆனால் அவனுக்கு வரும் கடிதங்களை நான் பிரிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் கடிகாரம் விற்கும் இணையதளம் உங்களுக்குக் கொடுத்த விவரப்படி, மூன்று வருடத்தில் அவர்கள் பிடித்த கட்டணம் மூன்று லட்சத்து அறுபத்து நாலாயிரம். நாங்கள் தாக்கல் செய்த கணக்கில் அதே கட்டணம் ஐந்து லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். நடுவில் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் தொங்குகிறது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் 'கணக்கீட்டுப் பிழை'.

கடிதத்தைப் பார்த்ததும் மச்சினன், "அபராதம் எவ்ளோன்னு கேட்டுக் கட்டிட்டு வந்துடலாம் அத்தான், நமக்கு எதுக்கு வம்பு" என்றான். கட்டியிருக்கலாம். பிழைதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களும் கோப்பை மூடியிருப்பீர்கள். ஆனால் ஒரு லாரி கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். டீசல் கணக்கில் டிரைவர்கள் செய்யும் தில்லுமுல்லுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பிடித்தவன். என் கூட்டலில் தப்பு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை. அது பிழை இல்லை, மேடம். ஒவ்வொரு காசும் எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். தட்டச்சு செய்கிறவரை நிதானமாகவே அடிக்கச் சொல்லுங்கள்.

மச்சினனுக்கு 'ஸ்பிரிங்' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். ஓர் இடத்தில் உட்காரமாட்டான். கடிகாரத்தைத் திறந்து வைத்தால் மட்டும் மணிக்கணக்கில் அசையமாட்டான். ஒரு வணிக வளாகத்தில், நகரும் படிக்கட்டுக்கு அடியில், ஒரு மேசை அகலத்துக்கு அவன் கடை. பேட்டரி மாற்றுவான், வார் மாற்றுவான், வீட்டுச் செலவு அதில் ஓடிவிடும். பழைய சாமான் கடைகளில் செத்துக் கிடக்கும் வாட்ச்சுகளை வாங்கி வந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஓட வைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் அந்தப் பொழுதுபோக்கே பிழைப்பாகிவிட்டது.

பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது இருக்கும். எங்கள் நால்வரையும் உட்கார வைத்து மருத்துவர் சொன்னார்: "அஞ்சு வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணிக் கருவி வெச்சுட்டா பேச்சு வந்துடும். அதுக்கு மேல போனா, வெச்சும் பெரிசா பிரயோஜனம் இருக்காது." செலவு ஐந்து லட்சத்து எண்பதாயிரம். திரும்பி வரும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். ஓட வைத்த வாட்ச்சுகளை ஆன்லைனில் விற்கலாம் என்றேன். என் கம்பெனியில் பக்கத்தொழில் கூடாது என்பதால் மச்சினன் பெயரில் விற்பனைக் கணக்குத் திறந்தோம். வாங்கி ஓட வைப்பது அவன் வேலை. பார்சல் கட்டி கூரியரில் சேர்ப்பது அவன் மனைவி. படம் எடுப்பது, விவரம் எழுதுவது, வாங்குகிறவர்களோடு மல்லுக்கு நிற்பது, வங்கியில் விழும் பணத்தை எடுத்துச் சேர்ப்பது, கணக்கு, எல்லாம் என் தலையில். உங்களுக்கு என்ன பங்கு அத்தான் என்று கேட்டான். "எனக்கு ஒத்தைக் காசு வேணாம் மாப்ளே, எல்லாம் பாப்பாவுக்கு" என்றேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஆன்லைனில் விற்கிறவர்கள் முதலில் கையைச் சுட்டுக்கொள்வது கட்டணத்தில்தான். ஆறாயிரத்துக்கு வாங்கிய வாட்ச்சைப் பத்தாயிரத்துக்கு விற்றுவிட்டு, நாலாயிரம் லாபம் என்று மச்சினன் எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வந்தான். வங்கிக்கு வந்ததோ எட்டாயிரத்து அறுநூறு. "மீதிய எவன் எடுத்தான்?" என்று திருதிருவென்று விழித்தான். தளத்தின் கமிஷன் நூற்றுக்குப் பதினொன்று, பணம் வாங்கிக் கொடுக்கும் கட்டணம் மூன்று, பார்சல் செலவு இருநூறு நம் கையிலிருந்து, ஆக லாபம் இரண்டாயிரத்து நானூறு என்று எழுதிக் காட்டினேன். அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்குத் தாளை விரிப்பேன். வாங்கிய விலை, விற்ற விலை, கமிஷன், பணக் கட்டணம், பார்சல், மீதி. அவன் கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்பான். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் இருபத்தாறு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்றாவது மாதம் ஒரு வாரம். கண்ணாடியில் மயிரிழைக் கீறல் என்று ஒருவர் என்னோடு நான்கு நாள் சண்டை பிடித்தார். பதினேழு பதில் எழுதினேன். அந்த ஞாயிறு என் மனைவி தன் தம்பிக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியபடி, "பாவம், இவன்தான் ராப்பகலா உழைக்கிறான்" என்றாள். என் தட்டை யாரும் பார்க்கவில்லை. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரத் தாளில் பணக் கட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பத்தி போட்டேன். 'இதரக் கட்டணம்', நூற்றுக்கு ஏழு.

"இது என்ன அத்தான் புதுசா?"

"அவங்க போடுறதுதான் மாப்ளே. ஆரம்பத்துல சும்மா விட்டு வெச்சாங்க, இப்ப பிடிக்கிறாங்க."

"விட்டா நம்ம தோலையும் உரிச்சு விப்பாங்க போல" என்று சிரித்தான். விஷயம் அதோடு முடிந்தது.

ஏன் ஏழு என்று கேட்பீர்கள். ஐந்து என்றால் என் உழைப்புக்கு அது அவமானம். பத்து என்றால் கொள்ளை. ஏழு நியாயமாகப் பட்டது. அதிலும் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன். வாங்கியவர் கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினால் தளம் கமிஷனைத் திருப்பித் தரும் இல்லையா, அப்போது நானும் என் ஏழு சதவீதத்தைத் திருப்பிச் சேர்த்துவிடுவேன். பதினோரு முறை அப்படித் திருப்பியிருக்கிறேன், தாள்களில் பாருங்கள். எடுத்ததில் ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வந்தேன். மச்சினனுக்கு ஓட்டைக் கை. ஒரு கிழவர் அழுதார் என்று ஓடாத சுவர்க் கடிகாரத்தை மூவாயிரம் கொடுத்து வாங்கியவன் அவன். பாப்பாவின் பணத்தில் ஒரு பகுதியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

அவன் மனைவிதான் தாளை முழுதாகப் படித்தாள். பலசரக்குக் கடையில் பில் போடுகிற பெண். என்னை அண்ணா என்பாள், நான் தங்கச்சி என்பேன். கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கி முதல் பத்திவரை அவள் விரல் பின்னால் நகர்ந்து வரும். இதரக் கட்டணத்துக்கு வந்ததும் அங்கே நிற்கும். ஒருமுறை மட்டும், "அந்தத் தளத்தோட பாஸ்வேர்ட் குடுங்கண்ணா, நானும் பாத்துக்கறேன், உங்களுக்கும் பாரம் குறையும்" என்றாள். ரெண்டு போனில் திறந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்றேன். சரி என்றாள். சரி என்று சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. சந்தேகப்படுகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்கும், மேடம். கணக்கு எழுதுகிறவனுக்கு அது முதல் குணம். ஆனால் அன்றிலிருந்து அவள் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தால்கூட, எதற்கு வைக்கிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவள் அறைக்குள் போனால் போனில் யாரோடு பேசுகிறாள் என்று காது கொடுத்துக் கேட்டேன்.

அவள் செய்த காரியத்தை நான் பாராட்டத்தான் வேண்டும். தன் பெயரில், தன் போனில், அதே தளத்தில் ஒரு விற்பனைக் கணக்குத் திறந்தாள். எங்கள் இருப்பில் கை வைக்கவில்லை. கல்யாணத்தின்போது மச்சினன் வாங்கிக் கொடுத்த தன் சொந்த வாட்ச்சை விற்றாள். கட்டணம் உண்மையில் எவ்வளவு என்று பார்ப்பதற்காக மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் தாளுக்குப் பக்கத்தில் போனை வைத்தாள்.

"அண்ணா, நான் ஒண்ணு வித்துப் பாத்தேன். மொத்தம் பதினாலுதான் பிடிச்சிருக்காங்க. அந்த இதரக் கட்டணம் இதுல எங்க?"

ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். குடிக்கிற நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மொத பத்து விற்பனைக்கு அது கிடையாது தங்கச்சி. எங்களுக்கும் மொத ரெண்டு மாசம் வரலயே, பழைய தாள எடுத்துப் பாருங்க." அது உண்மைதானே, பழைய தாளில் அந்தப் பத்தி இல்லை. பிறகு சாதாரணமாகக் கேட்டேன்: "அது கெடக்கட்டும். இந்தக் கணக்க எப்போ திறந்தீங்க? யார்கிட்டயும் சொல்லலயே."

மச்சினன் தலை நிமிர்ந்தான். "எந்த வாட்ச்ச வித்த?"

"என்னுதுதான். நீங்க கல்யாணத்துக்குக் குடுத்தது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

அவள் எதற்காக விற்றாள் என்பது அந்த மேசையில் அதற்குப் பிறகு யாருக்கும் முக்கியமாக இல்லை. எதை விற்றாள், ஏன் மறைத்தாள் என்பதே பேச்சாகிவிட்டது. என்னைப் பிடிக்க அவள் கொண்டு வந்த சீட்டு அவள் கையிலேயே இருந்தது, நான் அதைத் திருப்பி மட்டும் வைத்தேன்.

ஆனால் அவள் அத்தோடு விடமாட்டாள் என்று தெரியும். இன்னும் ஒன்பது வாட்ச் விற்றால் என் பொய் அவிழ்ந்துவிடும். அதனால் இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மச்சினன் இழுப்பறையிலிருந்து ஒரு நீல டயல் வாட்ச்சை எடுத்துக்கொண்டு போய் என் அலுவலக மேசையில், டீசல் ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். அவனிடம் இருந்ததிலேயே விலை கூடியது, நாற்பதாயிரம் போகும். வெள்ளிக்கிழமைதான் அவனுக்குக் காணவில்லை என்று தெரிந்தது. எல்லாரும் தேடினோம். நானும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்து என் முதுகில் ஏறிக்கொண்டாள். வாசலில் வைத்து மச்சினன் கேட்டான், "யார் அத்தான் எடுத்திருப்பா?"

"தங்கச்சி மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல மாப்ளே. அந்தத் தனிக் கணக்க மட்டும் மூடச் சொல்லிடு, போதும்."

நான் பேசியது இவ்வளவுதான். குறித்துக்கொள்ளுங்கள், அவள் திருடினாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மீதியை அவனே கூட்டிக்கொண்டான். உள்ளே சத்தம் கேட்டது. அவள், "உங்க அத்தானக் கேளுங்க, அவர் பையத் தொறந்து பாருங்க" என்றாள். "யாரப் பாத்து என்ன பேசுற? நம்ம புள்ளைக்காக ஒத்தைக் காசு வாங்காம ஒழைக்கிற மனுஷன்" என்று கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மறுநாள் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பாவின் பயிற்சிப் பள்ளி எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதால் குழந்தை எங்களோடு இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இப்போது என் மனைவி அவளுக்குத் தலைவாரி விடுகிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது. தங்கச்சி சில நாள் பள்ளிக்கூட வாசலில் எதிர்ப்பக்கம் நிற்கிறாள். நான் கூட்டிப் போகும்போது பாப்பாவை இந்தப் பக்கமாக நடக்க வைப்பேன். ஒன்பது மாதமாகிறது.

போவதற்கு முன்பே அவள் ஒன்று கேட்டிருந்தாள். கடன் வாங்கியாவது ஆபரேஷனை முடித்துவிடலாம் என்றாள். நான் தாளில் போட்டுக் காட்டினேன், பிறந்தநாளுக்கு முன்பே சேர்ந்துவிடும், வட்டி எதற்கு என்று. அந்தக் கூட்டலும் சரிதான். வாரத்துக்கு மூன்று வாட்ச் விற்றால் என்று வைத்துக்கொண்டேன். விற்றது என்னவோ இரண்டுதான். அவள் இருந்திருந்தால் விடாமல் நச்சரித்திருப்பாள். போன பிறகு நச்சரிக்க ஆளில்லை.

பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதமாகிறது. அந்தப் பிறந்தநாளன்று அவர்கள் கையில் இருந்தது நான்கு லட்சத்து இருபத்தைந்தாயிரம். இன்னும் வேண்டியிருந்தது ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். என் தனிக் கணக்கில் இருந்தது ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். ஆமாம் மேடம், போட்டுப் பாருங்கள், இருபதாயிரம் மிச்சமே வரும். அதற்கு முந்தின வாரம் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று வங்கிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கொடுத்தால் எப்படி வந்தது என்று கேட்பான். தங்கச்சி சொன்னது சரி என்று ஆகிவிடும். படிக்கட்டுக்கு அடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவனே என்னைப் பார்த்துவிட்டான். லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "விடுங்க அத்தான். நீங்க எவ்ளோ பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பாப்பா விதி அவ்ளோதான்" என்றான். அழுதான். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. அப்படிப் பேசுகிறவனிடம் அந்தப் புத்தகத்தை எப்படி நீட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. இவ்வளவு கெட்டிக்காரன், வரித் தாக்கலிலாவது உண்மையான கட்டணத்தை எழுதியிருக்கலாமே, மாட்டியிருக்கவே மாட்டாயே என்று. எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீட்டுக்கு ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வது திருட்டுப் பயல்கள் வேலை. என் கையெழுத்தில் இரண்டு கணக்கு இருந்ததில்லை. மேசையில் காட்டியதையே இங்கேயும் காட்டினேன்.

இதோ அந்த நீல டயல் வாட்ச். மூன்று நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்து வந்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. வங்கிப் புத்தகமும் இதில் இருக்கிறது. ஆக, அடிக்கிறவர் இதை அப்படியே அடிக்கட்டும்: பணத்தை எடுத்தது நான். வாட்ச்சை எடுத்தது நான். அந்தப் பெண் எதையும் எடுக்கவில்லை. குழந்தைக்கு ஆபரேஷன் நடக்காமல் போனது பணம் இல்லாததால் இல்லை, அந்தப் பணம் என்னிடம் இருந்ததால். எல்லாம் தெரிந்து, தேதி தெரிந்து, தொகை தெரிந்து செய்தது. இதில் எந்த இடத்திலும் கணக்கீட்டுப் பிழை கிடையாது. அந்தச் சொல்லை நீங்கள் நீக்கிவிட வேண்டும்.

கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள், போடுகிறேன். ஆனால் விற்பனைக் கணக்கு அவன் பெயரில் இருப்பதால் அவனும் போட வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், பாப்பா அவன் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் வண்டியில் வரும்போதுகூட, அவங்க உங்கள மிரட்டினா நான் உள்ள வந்துடுவேன் அத்தான் என்றான். கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம். அரசாங்க முத்திரை போட்டுக் காட்டினாலும் நம்பமாட்டான், கட்டின மனைவி சொல்லியே நம்பாதவன். கதவைச் சாத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஐந்து நிமிடம் விடுங்கள். நான் சொன்னால் நம்புவான், மேடம். எதைச் சொன்னாலும் நம்புவான்.